நீர் ஏற்கும் ஊர்

முதல் தடவை பணம் மறுக்கப்பட்டபோது பூவரசந்திட்டு பேரூராட்சித் தலைவர் அஞ்சுகத்துக்குக் கோபம் வரவில்லை. காரணம் புரியவில்லை, அவ்வளவுதான். கடலுக்கும் நரியாற்றுக்கும் நடுவே தாழ்ந்து கிடக்கிற ஊர். ஐப்பசி பிறந்தால் ஒன்றன்பின் ஒன்றாகப் புயல் வருகிற காலம். கடலோரம் ஒரு தடுப்புச் சுவர் கேட்பதற்கு இதற்குமேல் என்ன காரணம் வேண்டும்?

அரசாங்கம் நேராகச் சுவர் கட்டித் தந்த நாட்கள் எப்போதோ போய்விட்டன. புயல், வெள்ளம், கடல் அரிப்பு என்று எதற்குப் பணம் வேண்டுமானாலும் ஊராட்சிகளும் நகராட்சிகளும் தாங்குதிறன் நிதியத்திடம்தான் போய் நிற்க வேண்டும். அங்கே எப்படிக் கேட்பது என்பதே சிறிய ஊர்களுக்குத் தெரியாது. அவர்களுக்கு உதவுவதற்கென்று மதுரையில் ஒரு தொண்டு நிறுவனம் இருந்தது. அங்கிருந்து வந்தவள் சுடர்விழி. முப்பது வயது. பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்தே பேரூராட்சி அலுவலகத்துக்கு வந்துவிட்டாள் என்பதால் அஞ்சுகத்துக்கு முதல் நாளே அவளைப் பிடித்துப்போனது.

மன்றக் கூட்டத்தில் அவள்தான் காரணத்தை விளக்கினாள்.

"நிதியத்துல ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிழல் ஊர் வச்சிருக்காங்க. உங்க ஊரை அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள கட்டியிருக்காங்க. தெரு, வீடு, அதுல இருக்கிற ஆளு எல்லாம்."

"ஆளுமா?" என்றார் மூன்றாவது வார்டு உறுப்பினர் தைரியநாதன். மீன்பிடிப் படகு வைத்திருப்பவர்.

"ஆமாண்ணே. நீங்க எவ்வளவு வேகமா நடப்பீங்க, சைரன் ஊதினா உடனே கிளம்புவீங்களா, இல்ல வேற எதையாவது எடுக்க ஓடுவீங்களான்னு அதுக்குத் தெரியும். அந்த ஊர்மேல புயலை ஏவிவிடுவாங்க. திரும்பத் திரும்ப. ஒவ்வொரு தடவையும் யார் யார் சாகிறாங்கன்னு பார்ப்பாங்க."

"நான் சாவறனா?"

சுடர்விழி தயங்கினாள். "பெரும்பாலும், அண்ணே."

"வலைய எடுக்கப் போயிருப்பன்" என்றார் தைரியநாதன். யாரும் சிரிக்கவில்லை.

நிதியம் சொன்னது இதுதான்: இந்த ஊர் மக்களுக்குத் தப்பிக்கத் தெரியவில்லை. நிழல் ஊரில் நூற்றுக்கணக்கில் சாகிறார்கள். இங்கே பணத்தைப் போட்டால் வீண். முதலில் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளக் கற்றுக்கொள்ளட்டும், பிறகு பார்க்கலாம்.

"அப்ப கத்துக்குவோம்" என்றாள் அஞ்சுகம்.

இரண்டு வருடம் ஊரே பயிற்சி எடுத்தது. சைரன் ஊதினால் எல்லோரும் மேற்கே உள்ள மணல்மேட்டுக்கு ஏற வேண்டும். அங்கேதான் பள்ளிக்கூடம். தலைக்கு மேல் நிதியத்தின் டிரோன்கள் சுற்றிக்கொண்டு ஆட்களை எண்ணும். முதலில் ஏச்சும் பேச்சும்தான். கருவாடு காயப்போட்ட பெண்கள் பாயை விட்டு வர மாட்டோம் என்றார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் பாதியில் சைரன் ஊத, மாப்பிள்ளை வீட்டார் அஞ்சுகத்தின்மேல் சாபம் விட்டுக்கொண்டே மேடேறினார்கள். அவள் எதையும் காதில் வாங்கவில்லை. ஒவ்வொரு தெருவிலும் முடியாதவர்களைத் தூக்க நாலு பேர் என்று ஏற்பாடு செய்தாள்.

அவளுடைய வீட்டிலேயே ஒருவர் இருந்தார். புருஷன் கலியபெருமாள். படகு கரையேற்றும்போது கயிறு அறுந்து இடுப்பு நொறுங்கி, கட்டிலோடு கிடந்தார். பயிற்சி என்றால் அவருக்குத் திருவிழா. கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகும்போது இரண்டு பக்கமும் கையை ஆட்டுவார். "சாமி ஊர்வலம் வருது, ஒதுங்குங்கடி" என்பார். வேறு நாட்களில் அவருக்கு வெளியே போக வழியில்லை.

இரண்டாம் வருட முடிவில் நிழல் ஊரில் நிதியம் மறுபடி புயலை ஏவியது. சுடர்விழி பேரூராட்சி அலுவலகத்தில் அதைத் திரையில் போட்டுக் காட்டினாள். உயிர்ச்சேதம் என்று எழுதியிருந்த இடத்துக்கு நேரே பூஜ்யம். புயல் திரும்பத் திரும்ப அடித்தது. பூஜ்யம் அசையவில்லை. தைரியநாதன் விசிலடித்தார். அஞ்சுகம் சுடர்விழியைக் கட்டிக்கொண்டு, "சுடரு, இனி சொவரு வந்துடும்ல?" என்றாள்.

"வராம எப்படி?" என்றாள் சுடர்விழி. அவளும் அதை முழுசாக நம்பினாள்.

அடுத்த மாதம் நிதியம் ஒப்புதல் தந்தது. அதைச் சொல்ல சுடர்விழி மதுரையிலிருந்து நேரில் வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அஞ்சுகம் எழுந்து நின்றுவிட்டாள்.

"பணம் வந்திருக்கு. ஆனா சுவருக்கு இல்ல."

"பின்ன எதுக்கு?"

"கதவுக்கு."

நரியாற்றின் வடகரையில் மின்கலத் தொழிற்பூங்கா இருந்தது. பெரிய பெரிய ஆலைகள். ஆறு நிரம்பினால் அங்கேதான் முதலில் தண்ணீர் ஏறும். அதைத் தவிர்க்க, பூவரசந்திட்டு இருக்கும் தென்கரையில் ஒரு கதவு கட்டி, வெள்ளத்தை வேறு பக்கம் திருப்ப வேண்டும். ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. ஓர் ஊருக்குள் வெள்ளத்தைத் திருப்ப வேண்டுமானால் அங்கே ஒரு உயிர்கூடப் போகாது என்று நிழல் ஊர் காட்ட வேண்டும். இத்தனை காலமாக அப்படி ஓர் ஊர் அகப்படவில்லை.

"நம்மளுதுதான் பூஜ்யம்" என்றாள் அஞ்சுகம் மெதுவாக.

"ஆமா. நீர் ஏற்கும் ஊருன்னு நம்மளை அறிவிச்சிருக்காங்க."

"நம்மளையா?" அஞ்சுகத்தின் குரல் மாறியது. "எங்கள, மேடம். நீங்க மதுரைக்குப் பஸ் ஏறிடுவீங்க."

இரண்டு வருடமாக 'சுடரு' என்று அழைத்த வாய் அது.  சுடர்விழி கைப்பேசியில் நிதியத்தின் மண்டல அதிகாரி ஹரிசங்கரை அழைத்து, அஞ்சுகத்திடம் நீட்டினாள்.

அவன் தன்மையாகத்தான் பேசினான். "மேடம், முதல்ல வாழ்த்துகள். உங்க ஊர் மாதிரி ஒழுங்கா வெளியேறுற ஊர் இந்தக் கடற்கரையிலேயே கிடையாது."

"அதுக்குப் பரிசா தண்ணிய வுடுறீங்களா?"

"ஒருத்தருக்கும் ஆபத்து இல்லையே மேடம். முன்கூட்டியே சைரன் ஊதுவோம். நீங்க மேட்டுக்குப் போயிடுவீங்க. வீடுகளுக்கு நிவாரணம் உண்டு. பூங்காவுல தண்ணி ஏறினா எத்தனை ஆலை, எத்தனை பேர் வேலை..."

"எங்க வூடு?"

"நிவாரணம் உண்டுன்னு சொன்னேனே மேடம்."

"நாங்க ஓடக் கத்துக்கலன்னா எங்கள மூழ்கடிக்க உங்களால முடிஞ்சிருக்காது. அதான?"

ஹரிசங்கர் கொஞ்சம் யோசித்தான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. "சட்டப்படி முடிஞ்சிருக்காது, மேடம்" என்றான்.

மன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. மாவட்டத் தலைநகரில் உண்ணாவிரதம் இருந்தார்கள். வழக்குப் போட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை என்பதால் அவசரமாக விசாரிக்க ஒன்றுமில்லை என்று நீதிமன்றம் தள்ளிவைத்தது. அதற்குள் கதவு எழும்பிவிட்டது. ஊருக்குக் கேட்ட சுவரைவிட வேகமாக எது வேண்டுமானாலும் எழும்பும் என்று தைரியநாதன் காறித் துப்பினார்.

அடுத்த ஐப்பசியில் முதல் தடவையாகக் கதவு திறந்தது.

சைரன் ஊதியதும் எல்லோரும் பழகியபடி மேடேறினார்கள். கலியபெருமாளின் கட்டில்தான் அவர்கள் தெருவிலிருந்து முதலில் போனது. ஆனால் இந்தத் தடவை அவர் கையை ஆட்டவில்லை. மேட்டில் நின்று பார்த்தபோது ஆற்றுத் தண்ணீர் தெருக்களில் ஓசையில்லாமல் நுழைந்தது. அலை இல்லை, காற்று இல்லை. யாரோ வீடு வீடாகக் கழுவிவிடுகிற மாதிரி அமைதியாக ஏறியது. புயலில் வீட்டை இழந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் பலர் இருந்தார்கள். அப்போதெல்லாம் அழுதார்கள். அன்றைக்கு யாரும் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

தண்ணீர் வடிய நாளாகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. பள்ளிக்கூட வகுப்பறைகளில் குடும்பம் குடும்பமாக நெருக்கிக்கொண்டு கிடந்தார்கள். சுவரெல்லாம் ஈரம். கலியபெருமாளுக்கு முதலில் இருமல் வந்தது. பிறகு காய்ச்சல். படுக்கைப் புண்ணில் சீழ் வைத்தது. புரட்டிப் படுக்கவைக்கக்கூட இடமில்லை. அஞ்சுகம் ஊர் வேலையாக அலைந்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காரும்போதெல்லாம், "வூட்டுக்கு எப்ப போவலாம்?" என்று மட்டும் கேட்டார்.

"போவலாம். சேறு அள்ளிக்கிட்டு இருக்கறாங்க."

"என் கட்டிலுகிட்ட சன்னல் இருக்குல்ல, அது மூடியிருக்கா தொறந்திருக்கா?"

சன்னல் இருந்த சுவரே விழுந்துவிட்டதை அவள் சொல்லவில்லை. மாவட்ட மருத்துவமனையில் சேர்த்த மறுநாள் அவர் போய்விட்டார். நுரையீரல் தொற்று என்று சான்றிதழில் எழுதினார்கள்.

காரியம் முடிந்ததும் அஞ்சுகம் ஹரிசங்கரை அழைத்தாள். "என் வூட்டுக்காரரு செத்துட்டாரு. உங்க கணக்குல சேத்துக்கங்க."

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா அவர் வெள்ளத்துல இறக்கலையே. தண்ணி வடிஞ்ச பிறகுதானே..."

"தண்ணி வுடலன்னா அவரு அங்க கெடந்திருக்க மாட்டாரு."

"புரியுது மேடம். ஆனா நிழல் ஊர்ல அதுக்கு இடமில்ல. கதவு திறந்திருக்கிற நேரத்துல நடக்கிறதை மட்டும்தான் அது பார்க்கும்."

அஞ்சுகம் கைப்பேசியை அணைத்தாள். சுடர்விழி துக்கம் கேட்க வந்து, வாசலில் தயங்கி நின்றாள். சேறு காயாத வாசல். அஞ்சுகம் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. சைரன் ஊதியும் நாங்க போவலன்னா கதவு தெறக்குமா?"

சுடர்விழி உடனே புரிந்துகொண்டாள். "வேண்டாம், தலைவரம்மா."

"தெறக்குமா, தெறக்காதா?"

"டிரோன் மேல இருந்து ஆளை எண்ணும். கீழ ஆள் இருக்காங்கன்னு தெரிஞ்சா நிழல் ஊர் பூஜ்யம் காட்டாது. பூஜ்யம் காட்டலன்னா கதவோட பூட்டு விடாது. சட்டம் அப்படித்தான் இருக்கு. ஆனா..."

"ஆனா?"

"அவங்க சட்டத்தை மீறிட்டா? கையால திறந்துட்டா?"

"அப்ப செத்தோம்னாவது எழுதுவானுங்கல்ல" என்றாள் அஞ்சுகம். "இவரு செத்ததயே எழுதல."

கார்த்திகையில் ஆறு மறுபடி நிரம்பியது. காலையிலேயே சைரன் ஊதியது. அஞ்சுகம் முந்தைய நாளே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. குழந்தைகளையும் நோயாளிகளையும் மேட்டுக்கு அனுப்பிவிட்டு, வர விரும்புகிறவர்கள் மட்டும் வாருங்கள் என்றாள். கடைத்தெருவில் பாதி ஊர் கூடி உட்கார்ந்திருந்தது. கருவாட்டுப் பாயை விட்டு வர மாட்டோம் என்று அன்றைக்குச் சண்டை போட்ட பெண்கள் எல்லாம் முன்வரிசையில் இருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. சுடர்விழியும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து அஞ்சுகத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ எதுக்கு? மேட்டுக்குப் போ."

"நம்மளைன்னு அன்னிக்கே சொன்னேன்ல" என்றாள் சுடர்விழி. அஞ்சுகம் தன் முந்தானையை அவள் தலையிலும் சேர்த்துப் போட்டாள்.

டிரோன்கள் தாழ வந்து சுற்றின. ஹரிசங்கரின் அழைப்பு வந்தது. இந்தத் தடவை அவன் குரலில் தன்மை இல்லை.

"மேடம், என்ன விளையாட்டு இது? ஆறு கரைமேல நிக்குது. உடனே எல்லாரையும் மேட்டுக்கு ஏறச் சொல்லுங்க!"

"ஏற மாட்டோம்."

"நிழல் ஊர்ல எண்ணிக்கை ஏறிக்கிட்டே போகுது. கதவு பூட்டிக்கிச்சு. பூங்காவுல தண்ணி வந்தா யார் பொறுப்பு?"

"அங்க ஆளு இருக்காங்களா?"

"எல்லாரையும் நேத்தே அனுப்பியாச்சு. ஆனா இயந்திரங்கள் மேடம்! எவ்வளவு நஷ்டம் தெரியுமா?"

"நிவாரணம் வாங்கிக்கங்க."

ஹரிசங்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அஞ்சுகம் விடவில்லை.

"தம்பி, கேட்டுக்க. உன் பூஜ்யத்துக்குள்ள என் வூட்டுக்காரரு கெடக்கறாரு. இன்னும் எத்தினி பேரப் போட்டு மூடுவீங்க அதுல? மெஷினத் தூக்கிக்கிட்டு ஓடக் கத்துக்கங்க. ரெண்டு வருசத்துல வந்துடும். எங்களுக்கு வந்துச்சு."

மதியத்துக்குள் ஆறு வடகரையைத் தாண்டியது. தொழிற்பூங்காவில் இடுப்பளவு தண்ணீர். இரு கரையிலும் ஒருவரும் சாகவில்லை. செய்திகளில் பூவரசந்திட்டுக்காரர்களைப் பிடிவாதக்காரர்கள் என்றார்கள், தேசத்தின் வளர்ச்சிக்கு எதிரிகள் என்றார்கள். அஞ்சுகத்தின்மேல் வழக்குப் பதிவானது. அவள் ஜாமீனில் வந்து, விழுந்த சுவரை எழுப்பச் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தபோது, தை மாதத்தில் ஹரிசங்கர் அழைத்தான்.

"மேடம், நல்ல செய்தி. கடல் சுவருக்கு ஒப்புதல் வந்தாச்சு. முழுத் தொகையும்."

அவள் கையிலிருந்த செங்கல்லைக் கீழே வைத்தாள்.

"எப்படி?"

"நீங்க அன்னிக்கு வெளியேறலல்ல? நிழல் ஊர் அதைக் கத்துக்கிச்சு. இனிமே எந்தப் புயல் வந்தாலும் உங்க ஊர் ஆளுங்க கிளம்ப மாட்டாங்கன்னு அது முடிவு பண்ணிடுச்சு. இந்தக் கடற்கரையிலேயே உங்க ஊர்லதான் சாவு அதிகம் காட்டுது. விதிமுறை மாறியிருக்கு மேடம், இப்போ அப்படிப்பட்ட ஊருக்குத்தான் முதல் பணம்."

செய்தி பரவியதும் கடைத்தெருவில் வெடி வெடித்தார்கள். தைரியநாதன் எல்லோருக்கும் டீ சொன்னார். சுடர்விழி மட்டும் ஒப்புதலின் நிபந்தனைகளைப் படித்துவிட்டு அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அஞ்சுகம் உள்ளே வந்தாள்.

"பங்குனியில பயிற்சிய மறுபடி ஆரம்பிச்சிடலாமா, சுடரு? இந்த ரெண்டு மாசத்துல எல்லாம் மறந்துபோயிருப்பாங்க."

"முடியாது."

"ஏன்?"

"பயிற்சி எடுத்தா டிரோன் பார்க்கும். எண்ணிக்கை குறையும். குறைஞ்சா சுவரை நிறுத்திடுவாங்க. பூஜ்யத்துக்குப் போயிட்டா மறுபடி கதவுதான்."

"சொவரு முடிய எத்தினி வருசம்?"

"அஞ்சு."

"அதுக்குள்ள புயல் வந்தா?"

சுடர்விழி நிபந்தனைத் தாளை அவள் பக்கம் தள்ளினாள். அஞ்சுகத்துக்கு விளங்கிவிட்டது. ஐந்து ஐப்பசிகள் இந்த ஊர் தப்பிக்கத் தெரியாத ஊராக இருக்க வேண்டும். அப்போதுதான் சுவர்.

அன்று மாலையே மன்றம் கூடியது. கூச்சல் கூரையைப் பிளந்தது. கையில் கிடைத்த சுவரை விடுவதா என்று பாதிப் பேர் கத்தினார்கள். ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன, புயல் வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். தைரியநாதன் எழுந்தார். எல்லோரும் அவர் சுவர் பக்கம் என்றுதான் நினைத்தார்கள்.

"மொதத் தடவ சைரன் ஊதினப்ப நான் நெசமாவே வலைய எடுக்க ஓடுனன்" என்றார். "பயிற்சிலதான். பொஞ்சாதி திட்டுனா. நாலாவது தடவதான் காலு தானா மேட்டப் பாத்து போச்சு. பழகலன்னா காலு போவாது தலைவரே. எனக்குத் தெரியும்." சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

வாக்கெடுப்பில் அஞ்சுகத்தின் ஒரு வாக்குதான் முடிவு செய்தது.

பங்குனி முதல் வாரத்தில் சைரன் ஊதியது. வெயிலில் ஊர் மேடேறியது. சிலர் அஞ்சுகத்தைத் திட்டிக்கொண்டே ஏறினார்கள். டிரோன்கள் பறந்து வந்தன. கொஞ்ச நேரத்தில் ஹரிசங்கர் அழைத்தான்.

"மேடம், என்ன பண்றீங்க? எண்ணிக்கை இறங்குது. சுவர் போயிடும்!"

"தெரியும்."

"பூஜ்யம் வந்தா கதவு திறக்கும். அதுவும் தெரியும்ல?"

"தெறக்காது. இதயும் உன் மெஷினுகிட்டச் சொல்லு. கடலு வந்தா நாங்க மேட்டுக்கு ஏறுவோம். நீங்க தண்ணிய வுட்டா கீழ எறங்கி வருவோம். ரெண்டும் எங்களுக்குத் தெரியும்."

 ஹரிசங்கர் இப்போது பேசியது அதிகாரியின் குரலில் இல்லை.

"நிழல் ஊருக்கு இது புரியாது மேடம். தண்ணின்னா அதுக்கு எல்லாம் ஒண்ணுதான். யார் அனுப்பினதுன்னு அது பார்க்காது."

"நாங்க பாப்போம்."

"ரெண்டும் ஒண்ணா வந்தா? கடலும் ஆறும் ஒரே நாள்ல வந்தா என்ன செய்வீங்க?"

அஞ்சுகம் அதை யோசித்ததில்லை. மேட்டில் ஏறிக்கொண்டிருந்த வரிசையைப் பார்த்தாள். தைரியநாதன் முடியாத ஒரு கிழவரை முதுகில் சுமந்துகொண்டு மூச்சிரைக்கப் போய்க்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீ இங்க வா" என்றாள். "எங்ககூட நின்னு நீயே சொல்லு, ஏறுறதா எறங்குறதான்னு."

அவள் அழைப்பைத் துண்டித்துவிட்டு, கிழவரின் காலைத் தாங்கிப் பிடிக்க ஓடினாள்.